ஏரிக்கரையில் எவரும் இல்லை

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா ஆன பிறகு, நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருக்கும் பூப்போட்ட துணியை இனிப் பகல் வேளைகளில் எடுத்துவிடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. நான் முன்மொழிந்தேன். உன் அப்பா வழிமொழியவில்லை. எதிர்க்கவும் இல்லை, வாயில் இட்லி இருந்தது. எதிர்ப்பு எழுத்து மூலம் வராவிட்டால் அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதை, சார்பதிவாளர் ஆபீசில் வேலை பார்த்த காலத்தில் அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். துணியை எடுத்தால் தூசி உள்ளே போய்விடும் என்பது அவருடைய நெடுநாளைய நிலைப்பாடு. உள்ளே இருப்பது வெளியே வரட்டுமே என்பது என்னுடையது. இரண்டு பக்கத்தையும் நன்றாக யோசித்த பிறகு துணி மடித்து பீரோவில் வைக்கப்பட்டது. இந்த வீட்டில் இதற்கு முன் இவ்வளவு ஆலோசித்துச் செய்யப்பட்ட காரியம் உனக்குப் பெயர் வைத்தது ஒன்றுதான்.

இதற்குக் காரணம் நீ. ஜூன் மாதம் முதல் சென்னையில் வரலாற்று ஆசிரியராகப் போகிறாய். கம்பெனி ஆட்சிக் காலத்தையும் அதை எதிர்த்து எழுந்த புரட்சிகளையும் இனிப் பாடப்புத்தகத்தை வைத்து மட்டும் நடத்தக் கூடாது, இன்டர்நெட்டிலிருந்து மூல ஆவணங்களை எடுத்துக் காட்டித்தான் நடத்த வேண்டும் என்று உங்கள் பிரின்சிபால் சொல்லிவிட்டார் என்றாய். "அம்மா, எந்தெந்த சைட் நல்லதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்பேன், அது போதும்" என்று போனில் கேட்டாய். போதாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஈமெயிலில் ஒரு பக்கம் அனுப்பினாயே, நம் ஊர் ஏரியைப் பற்றி ஒரு கம்பெனி அதிகாரி எழுதியது, நினைவிருக்கும். வகுப்பில் பிள்ளைகள் அதை ரசித்தார்கள் என்று உனக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எங்கெல்லாம் போயிற்று என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏரிக்கரையில் குடியிருந்த கன்னியம்மாவுக்கு வரவிருந்த வீட்டுமனைப் பட்டா அந்த ஒரு பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டது. நீ வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சைட்டுகளின் பெயரை நம்பாதே, அவை பேன்சி ஸ்டோர் மாதிரி இன்று இருக்கும் நாளை இருக்காது. வெளிநாட்டுப் பெரிய நூலகங்கள் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கின்றன. கலெக்டர்கள் எழுதிய ஜில்லா விவரங்கள், பட்டாளத்தோடு போன டாக்டர்களின் நாட்குறிப்புகள், பாதிரிமார்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள், நில அளவைப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவரும் அவரவர் காதுக்குத் தகுந்தபடி எழுதியிருப்பதால், தேடும்போது நீயும் கொஞ்சம் காது மந்தமானவனாக மாறிக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் தட்டச்சு செய்து போட்டிருப்பதை எடுக்காதே. பக்கத்தின் படம் இருந்தால் மட்டும் எடு. சில பக்கங்களின் ஓரத்தில் படம் பிடித்தவரின் விரல் நிழலாக விழுந்திருக்கும். அந்தப் பக்கத்தில் நான் சந்தேகமில்லாமல் நம்புவது அந்த விரலை மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும், எழுதியவர் எங்கே உட்கார்ந்துகொண்டு, யாரிடமிருந்து எதை எதிர்பார்த்து எழுதினார் என்று கேட்ட பிறகு படி. வெள்ளைக்காரர் கலகம் என்று எழுதியதை நம் பாடப்புத்தகம் புரட்சி என்கிறது. நாமும் வருஷா வருஷம் அதைப் பரீட்சைக்குக் கேட்டு ஐந்து மதிப்பெண் கொடுக்கிறோம். அன்று அங்கே இருந்தவர்கள் அதை என்னவென்று சொன்னார்கள் என்று எவரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை.

மூல ஆவணம் என்றாலே உண்மை என்று நினைக்கிறவர்களுக்கு நான் என் பிறந்த தேதியைக் காட்டுவது வழக்கம். நான் பிறந்தது கார்த்திகை மாதம், தீபத்துக்கு மறுநாள். என் அம்மாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அன்று வீட்டில் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த தலைமையாசிரியர், அப்போது சேர்ந்த எல்லாப் பிள்ளைகளையும் போல என்னையும் ஜூன் மாதத்தில் பிறக்க வைத்தார். அதற்கு அரசாங்க முத்திரை இருக்கிறது. கார்த்திகைக்கு அம்மாவின் வாய்வார்த்தை தவிர ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறப்போவதும் அந்தத் தலைமையாசிரியர் அன்று காலை பேனாவை எடுத்து எழுதியபடிதான். இருநூறு வருஷத்துக்குப் பிறகு யாராவது என்னைப் பற்றி ஆராய்ச்சி செய்தால், நான் ஜூனில்தான் பிறந்தேன் என்பதற்கு அடிக்குறிப்போடு ஆதாரம் காட்டுவார்கள். நான் எழுந்து வந்து மறுத்தாலும் என்னிடம் சான்றிதழ் கேட்பார்கள்.

உன் அப்பாவோ வேறு மதம். ஊரில் பாதி நிலம் அவர் கண் முன்னால் கை மாறியிருக்கிறது. முத்திரையும் கையெழுத்தும் சரியாக இருந்தால் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை என்பது அவருடைய கொள்கை. நீ எட்டாம் வகுப்பில் கணக்கில் பெயிலானபோது பிராக்ரஸ் கார்டில் நீயே அப்பாவின் கையெழுத்தைப் போட்டாய். வகுப்பாசிரியர் சந்தேகப்பட்டு அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். உன் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த பேங்க் பாஸ்புக்கில் இருந்த கையெழுத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, இது என் கையெழுத்துதான் என்று சான்றளித்துவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "எப்போ போட்டேன்னுதான் ஞாபகம் வரல" என்றார். அன்று நான் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்பாவின் கொள்கையில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை என்று வைத்துக்கொள்.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். மைசூர்ப் படை வந்து போன பிறகு, நம் ஜில்லா எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுத அனுப்பப்பட்ட ஒரு கம்பெனி அதிகாரி, வந்தவாசிப் பக்கம் போகிற வழியில் நம் ஊர் ஏரிக்கரையைக் கடந்திருக்கிறார். கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனதாகவும், ஏரி வறண்டு மதகுகள் உடைந்து கிடந்ததாகவும், கரையில் ஒரு குடிசையோ ஓர் ஆளோ இல்லை என்றும் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பெயர் புத்தகத்தில் வந்தால் எனக்கும் புல்லரிக்கத்தான் செய்யும், நானும் இந்த ஊர்க்காரிதானே. இங்கே பக்கத்தில் உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். யார் யார் நிற்கத் தகுதியில்லாதவர்கள் என்று அதில் எழுதியிருப்பதைப் படித்தவர் மறுபடி வந்ததாகத் தெரியவில்லை. அதைத் தவிர, நம் கிராமத்துக்கென்று ஒரு வரி கிடைத்தது இதுதான் முதல் தடவை. ஆகவே நீ அனுப்பிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். ஒரு பக்கத்தை மட்டும்.

எங்கள் தலைமையாசிரியை அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "இன்டர்நெட்ல வந்ததையெல்லாம் பிள்ளைங்களுக்குக் குடுக்கறீங்களே டீச்சர், நாளைக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க இது யார் குடுத்ததுன்னு கேட்டா நான் யாரைக் காட்டறது?" என்றார். கேள்வி சரியானதுதான். வீட்டில் வந்து சொன்னேன். உன் அப்பா ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக அவருக்கு முகம் மலர்ந்தது. "அட்டெஸ்டேஷன் வாங்கிட்டா முடிஞ்சது. அட்டெஸ்டேஷன் இல்லாத பேப்பர் பொட்டலம் கட்டத்தான் ஆகும்" என்று சொல்லி, பக்கத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினார். நம் சுற்று வட்டாரத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதியுள்ளவர்களில் சீக்கிரம் கிடைப்பவர் மாட்டு டாக்டர்தான் என்பது உனக்குத் தெரியும். உன் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் அங்கேதான் உண்மையாயிற்று. நானும் கூடப் போனேன்.

"ஒரிஜினல் எங்க சார்?" என்று கேட்டார் டாக்டர். முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தார்.

"லண்டன்ல இருக்கு சார்."

"லண்டன்ல இருந்தா நான் எதோட ஒப்பிட்டுப் பாக்கறது?"

"மாட்டு இன்சூரன்ஸுக்கு, காதுல தோடு இருக்குன்னு மாட்டுக்காரன் சொன்னா மாட்டைப் பாக்காமலே கையெழுத்துப் போடறதில்லையா?"

"அது மாடு சார். பொய் சொல்லாது."

"இது வெள்ளைக்காரன் எழுதினது சார். அவன் எதுக்கு நம்ம ஏரியைப் பத்திப் பொய் சொல்லப்போறான்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வரலாற்று ஆசிரியை. அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியே ஒரு எருமை கன்று போட முடியாமல் கத்திக்கொண்டிருந்தது, அவருக்கும் அவசரம். அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்ற ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, கீழே பச்சையில் கையெழுத்துப் போட்டார். கம்பெனி அதிகாரி எழுதியது அந்த நிமிஷம் முதல் உண்மை நகல் ஆயிற்று. வகுப்பு நன்றாக நடந்தது. பக்கத்தைத் தலைமையாசிரியை அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார்.

பெரிய நைனாவை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் நீ ஊரை விட்டுப் போன பிறகு அவர் வளர்ந்திருக்கிறார். ஏரிப் பாசன சங்கத்துக்குத் தலைவர், எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் தலைவர். ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலத்தில் நெல்லை நிறுத்திவிட்டு, மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, அதை ஒரு நகர் ஆக்கியிருக்கிறார். நகர் இருக்கிறது, நகருக்குப் போக ரோடு இல்லை. ரோடு வரவேண்டுமானால் ஏரிக்கரை மேல்தான் வரவேண்டும். கரையின் நடுவில் கன்னியம்மா முதலான இருளர் குடும்பங்களின் வீடுகள். அவர்களுக்கு அங்கேயே மனைப்பட்டா கொடுப்பதென்று அந்தச் சமயத்தில்தான் தாசில்தார் ஆபீசில் வேலை நடந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆண்டு விழாவுக்கு வந்த நைனா பலகைக்கு முன்னால் நின்றபோது, ஊரில் ஒருவருக்காவது வரலாற்றில் ஆர்வம் வந்ததே என்று மகிழ்ந்தேன்.

"டீச்சரம்மா, இதுல இன்னா எழுதிக்கீது? கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன்.

"அப்போ வெள்ளக்காரன் வந்தப்போ கரை மேல ஒரு வூடுகூட இல்லன்றான்."

"இல்லைன்னு எழுதியிருக்கார்."

"பச்சை இங்க்ல கையெழுத்தும் கீது." கண்ணாடியில் மூக்கு இடிக்கும்வரை குனிந்து பார்த்தார். "ஒரு ஜெராக்ஸ் குடுங்க. நம்ம ஊரு சரித்திரம். பசங்களுக்குச் சொல்லணும்."

உன் அப்பாவே கடைக்குப் போய் ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஓர் அட்டெஸ்டேஷன் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் கன்னியம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அறுப்பு முடிந்த வயலில் எலி பிடிக்க அவளையும் அவள் புருஷனையும் நைனா வீட்டுக்காரர்களே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். கையில் குடை இருந்தது. மழையில்லை.

"இன்னா டீச்சர், உங்க கம்பூட்டர்ல நாங்க இல்லையாமே?"

"நான் அப்படிச் சொல்லல கன்னியம்மா."

"நீங்க சொல்லல. நைனா சொல்லிக்கினு திரியறாரு. எவனோ வெள்ளக்காரன் வந்து பார்த்தானாம், எங்க வூடே இல்லையாம். அன்னைக்கு நாங்கள்லாம் சினிமாவுக்குப் போயிருந்தோம்னு எழுதிக்கோங்க."

உன் அப்பா சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"தோ பாரு சாரே, பேரு எழுதிக்கினு போயாச்சு, போட்டோ புடிச்சாச்சு, அடுத்த வாரம் பட்டான்னாங்க. இப்போ இந்தப் பேப்பரை நீட்டி, இவங்க நேத்து வந்து குந்தினவங்கன்னு நைனா மனு குடுத்துக்கீறாரு. ஆபீசர் ஃபைலை மூடி வெச்சிட்டாரு. டீச்சர் குடுத்த பேப்பர்தானே? டீச்சரே போய்த் திருப்பி வாங்கிக்கினு வரட்டும். ஒரே பேஜாரா கீது."

கொடுத்த ஜெராக்ஸைத் திருப்பி வாங்குவது எப்படி என்று உன் அப்பாவுக்குக்கூடத் தெரியவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் கரையில் யார் இருந்தார்கள் என்பதற்கும் இன்று பட்டா கொடுப்பதற்கும் சட்டப்படி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நான் தாசில்தாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மரியாதையானவர், நாற்காலி போடச் சொன்னார். "சம்பந்தமில்லைதான் டீச்சர். ஆனா பேப்பர் ஃபைல்ல ஏறிடுச்சு. ஏறின பேப்பருக்கு ஒரு பதில் இல்லாம நான் எப்படி ஆர்டர் போடறது? உங்ககிட்ட வேற பேப்பர் இருந்தா குடுங்க" என்றார். நைனா மனுவில் சந்தேகம், கன்னியம்மா பேச்சில் சந்தேகம், என் மேலும் கொஞ்சம் சந்தேகம். வேற்று ஊர்க்காரர், மாற்றல் எப்போது வரும் என்ற சந்தேகம் வேறு.

அதற்குப் பிறகுதான் நான் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நீ அனுப்பிய பக்கம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று தேடி, பல ஞாயிற்றுக்கிழமைகள் போன் லைனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மேலிருந்து கீழாகத் திரையில் விரிவதற்குள் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வரலாம். கிடைத்தது. அடுத்த பக்கத்தைத் திறந்தேன். அதிகாரிக்கு அந்த வாரம் முழுவதும் காய்ச்சல். வெயில் படக்கூடாது என்று பல்லக்கின் திரைகளை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே படுத்தபடிதான் கரையைக் கடந்திருக்கிறார். வெளியே என்ன இருக்கிறது என்று கூட வந்த மொழிபெயர்ப்பாளரான துபாஷியைக் கேட்க, அவர் தமிழில் பார்த்ததை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறார். அதற்கும் அடுத்த பக்கத்தில், நாடு பாழாகிக் கிடப்பதால் தமக்குக் கூடாரமும் படிப்பணமும் கூடுதலாக வேண்டும் என்று மேலிடத்தைக் கேட்கிறார். இன்னொன்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். வழியில் ஆள் தென்பட்டால் பிடித்துச் சுமை தூக்க வைக்கச் சொல்லியிருந்தாராம், ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் கண்ணிலேயே படுவதில்லையாம்.

மகனே, நான் அந்த அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு கை தட்டினேன். கரையில் எவரும் இல்லை என்று சொன்னது அதிகாரியின் கண் இல்லை, துபாஷியின் வாய். துபாஷி ஏன் அப்படிச் சொன்னார்? இருந்தார்கள் என்று சொன்னால் பிடித்துக்கொண்டு வரச் சொல்வார்கள். அவர் அந்த ஜனங்களைக் காப்பாற்றச் சொல்லியிருக்கலாம், பிடிக்கிற வேலை தன் தலையில் விழும் என்று சோம்பலில் சொல்லியிருக்கலாம், பல்லக்கின் சத்தம் கேட்டு அவர்களே உண்மையில் மறைந்திருக்கலாம். எதுவானாலும், ஆவணத்தில் ஒருவர் இல்லை என்றால், இல்லாமல் இருப்பது அன்று அவருக்கு நல்லதாக இருந்ததா என்று முதலில் கேள். இதை உன் வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடு. எந்த சைட்டின் பெயரையும்விட இது உபயோகப்படும். எனக்கு வந்த சந்தோஷத்தில் மறுநாள் கன்னியம்மாவைத் தேடி வயலுக்கே போய்க் கேட்டேன்.

"அந்தக் காலத்துல பல்லக்கு, குதிரைன்னு யாராவது வந்தா உங்க ஆளுங்க என்ன பண்ணியிருப்பாங்க கன்னியம்மா?"

"அந்தக் காலம் இன்னா, இந்தக் காலம் இன்னா? போலீஸ் ஜீப்பு சத்தம் கேட்டா வேலிக்காத்தான் முள்ளுக்குள்ள பூந்துருவோம். எவன் கெணத்து மோட்டார் திருடு போனாலும் எங்க ஆம்பளைங்களத்தான் இட்டுக்கினு போறாங்க. குந்திக்கினு இருந்தா வுட்டுருவானா?" நாற்றுக் கட்டை அடுத்தவளிடம் எறிந்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏன், வெள்ளக்காரனும் மோட்டார் தேடிக்கினுதான் வந்தானா?"

வயல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சொன்னதை என் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து உன் அப்பாவோடு அட்டெஸ்டேஷனுக்குப் போனால் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "முதல் பக்கத்துக்கே மேல இருந்து விளக்கம் கேட்டுட்டாங்க சார். இனிமே ஒரிஜினல் நேர்ல வந்தாத்தான் கையெழுத்து" என்றார். ஆக, படுத்துக்கொண்டு எழுதிய பக்கம் சான்றளிக்கப்பட்டது, படுத்திருந்ததைச் சொல்லும் பக்கம் சான்றளிக்கப்படாதது. சான்றில்லாத பக்கங்களைத் தாசில்தார் மேஜையில் வைத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு எல்லாக் காகிதங்களையும் ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, "டீச்சர், வெள்ளைக்காரன் பாக்காம எழுதினான்றீங்க. நியாயம். நான் பார்த்தே எழுதறேன். நேர்ல வர்றேன், கரையில இறங்கி நடக்கிறேன், ஜனங்க குடியிருக்கறதை என் கண்ணால பார்த்து ரிப்போர்ட் வெச்சிடறேன். அதுக்கு மேல எவன் பேப்பர் குடுத்தாலும் செல்லாது" என்றார். இதைவிட நேர்மையான பேச்சை நான் எந்த ஆபீசிலும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் வகுப்பில் நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானே, கண்ணால் பார்த்தவனின் சாட்சி. புதன்கிழமை வருவதாகச் சொன்னார். நான் அன்றைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். கன்னியம்மாவிடம் போய், அன்று எவரும் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டும், ஜீப்பைப் பார்த்ததும் ஓடிவிடாதீர்கள் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன்.

"ஓடுவோமா? தாசில்தாரு ஜீப்புக்குத் தலை மேல வெளக்கு கெடயாது, போலீஸ் ஜீப்புக்கு கீது. அதுகூடத் தெரியாமலா இத்தினி நாளு பொழைச்சிக்கினு கீறோம்? நீங்க போய் நிம்மதியா பாடம் நடத்துங்க டீச்சர். பட்டா வந்தா வூட்டு எலிக்கறி உங்களுக்குத்தான்."

"நான் சாப்பிட மாட்டேன் கன்னியம்மா."

"தெரிஞ்சிதான் சொன்னேன்."

தாசில்தார் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். புதன்கிழமை கலெக்டர் மீட்டிங் என்று தகவல் வந்ததாம். அவருடைய ஜீப் பட்டறையில் இருந்ததால், ஸ்டேஷன் ஜீப்பை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். இரவல் கேட்டு ஏற்பாடு செய்து கொடுத்தது யார் என்று நான் பிறகு விசாரித்தேன். ஸ்டேஷனிலும் நினைவில்லை, ஆபீசிலும் நினைவில்லை, நைனா அன்று ஊரிலேயே இல்லை என்று நைனா சொன்னார். நான் அந்த நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில், மூல ஆவணங்களை எப்படிச் சந்தேகத்தோடு படிப்பது என்று நடத்திக்கொண்டிருந்தேன். தாசில்தார் சொன்னபடியே ஜீப்பிலிருந்து இறங்கி, வெயிலில், கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாராம். கூப்பிட்டும் பார்த்தாராம். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, ஓர் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது என்று டிரைவர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். ஸ்தல ஆய்வின்போது குடியிருப்போர் எவரும் காணப்படவில்லை என்று கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. கீழே பச்சை மையில் கையெழுத்து இருக்கிறது.

உனக்குத் தேவையான பழைய புத்தகங்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை, முழுவதும் படித்துக்கொள். கன்னியம்மா குடும்பம் செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ செங்கல் சூளையில் இருப்பதாகச் சொல்கிறார்கள், எந்தச் சூளை என்று எவருக்கும் தெரியவில்லை. அப்பா சௌக்கியம். நீ மே மாதம் வரும்போது உத்திரமேரூரில் இறங்கி ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து வரும் பஸ் இப்போது ஏரிக்கரை ரோடு வழியாக வந்து நம் தெருமுனையிலேயே நிற்கிறது.